ஒரே தலையில் இரண்டு விதமான முடி

கேள்வி: சென்னையில் இருக்கிறேன், வயது 27. தோளுக்குக் கீழே இறங்கும் சுருட்டை முடி. போன வருடம் கீழ்ப் பாதியை மட்டும் ப்ளீச் செய்து பழுப்பு நிறம் ஏற்றினேன். ஆறு மாதமாகச் சல்பேட் இல்லாத ஷாம்பு, ஒவ்வொரு குளியலிலும் கெரட்டின் மாஸ்க், பிறகு அலசாமல் முடியிலேயே விடும் லீவ்-இன் கிரீம், ஜெல் என்று போகிறது. வாரம் ஒரு முறை முட்டையும் தயிரும், தினமும் அரிசி ஊறவைத்த தண்ணீர் ஸ்பிரே. முதல் ஒரு மாதம் சுருள் அழகாக நின்றது. பிறகு தேங்காய் நார் மாதிரி விறைத்துவிட்டது. சீப்பு வைத்தாலே உடைகிறது. "புரோட்டீன் அதிகமாயிடுச்சு, ஈரப்பதம் குடு" என்று தோழி சொன்னாள். மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலையில் கண்டிஷனர் தடவிக்கொண்டு படுத்தேன். இப்போது மேலே பிசுபிசுவென்று படிந்து கிடக்கிறது, நுனி இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. வீட்டில் போர் தண்ணீர். எதைக் குறைப்பது, எதைக் கூட்டுவது? பார்லரில் கெரட்டின் ட்ரீட்மென்ட் செய்துகொண்டால் சரியாகிவிடுமா?

பதில்: கெரட்டின் ட்ரீட்மென்ட்டுக்குப் போக வேண்டாம். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான வரி ப்ளீச் பற்றியது. தலையின் மேல் பாதியில் இருப்பது ரசாயனம் படாத முடி. கீழ்ப் பாதியில் இருப்பது ப்ளீச் பட்ட முடி. இரண்டின் தேவையும் வேறு வேறு. நீங்களோ முட்டை, மாஸ்க், கண்டிஷனர் எல்லாவற்றையும் உச்சி முதல் நுனி வரை ஒரே அளவில் பூசி வந்திருக்கிறீர்கள். அதனால் புரதம் போட்டபோது மேல் பாதி விறைத்தது. கண்டிஷனர் போட்டபோது அதே மேல் பாதி துவண்டது. கீழ்ப் பாதிக்கு இரண்டுமே போதிய பலன் தரவில்லை. புரதமா ஈரப்பதமா என்று முழுத் தலைக்கும் சேர்த்து முடிவெடுக்கப் பார்த்ததுதான் சிக்கல்.

உலர்ந்த முடியின் எடையில் மிகப் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். வெளிப்பக்கம் மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அடுக்கு. அதற்கும் மேலே, கண்ணுக்குத் தெரியாத கொழுப்புப் படலம். முடி வழுக்கிக்கொண்டு போவதும், தண்ணீர் சட்டென்று உள்ளே இறங்காததும் அந்தப் படலத்தால்தான். ப்ளீச் நிறத்தை எடுக்கும்போது அந்தப் படலத்தையும் உரித்துவிடுகிறது. உள்ளே கெரட்டினைப் பிணைத்து வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளிலும் ஒரு பகுதி உடைகிறது. படலம் போன முடி தண்ணீரை வேகமாக உறிஞ்சி ஊதும், வேகமாக விட்டுச் சுருங்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. கையில் வறட்சியாகத் தெரியும் முடியில் தண்ணீர் குறைவாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. ப்ளீச் பட்ட முடி, ஈரமான காற்றில் நல்ல முடியைவிட அதிகத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். விரலுக்கு வறட்சி என்று படுவது மேற்பரப்பின் சொரசொரப்பு. 'ஈரப்பதம் கொடுக்கும்' கண்டிஷனர் உண்மையில் செய்வது அந்தச் சொரசொரப்பை மூடுவது. அதில் இருக்கும் செட்டில் ஆல்கஹால் போன்ற கொழுப்பு ஆல்கஹால்களும், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு போன்ற நேர்மின்னூட்டப் பொருட்களும் செதில்களின் மேல் படிந்து வழவழப்பைத் தருகின்றன. இந்த வேலைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். எட்டு மணி நேரம் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கான பலன் கிடைக்காது. முடி அத்தனை நேரமும் ஊறிக் கிடக்கும், அவ்வளவே. நனைந்த முடியின் குறுக்களவு சுமார் 15% பெருக்கும். ஏற்கெனவே செதில் தூக்கிய ப்ளீச் முடியை அந்த நிலையில் இரவெல்லாம் தலையணையில் தேய்த்தால் செதில் இன்னும் பெயரும். இரவு கண்டிஷனரை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

அடுத்து புரதம். முடிக்குள் புகும் புரதம், மேலேயே நிற்கும் புரதம் என்று இரண்டு உண்டு. முட்டை வெள்ளைக்கருவின் முக்கியப் புரதத்தின் மூலக்கூறு எடை சுமார் 45,000 டால்டன். அவ்வளவு பெரியது செதிலைத் தாண்டி உள்ளே போகாது. மேலே ஒரு கஞ்சிப் படலமாகக் காயும். தயிரில் இருக்கும் கேசீனும் அப்படித்தான். கடைகளில் 'ஹைட்ரோலைஸ்டு' என்ற சொல்லோடு வரும் கோதுமைப் புரதம், பட்டுப் புரதம், கெரட்டின் போன்றவை முன்கூட்டியே சிறு துண்டுகளாக உடைக்கப்பட்டவை. அவற்றில் மிகச் சிறியவை சேதமான முடிக்குள் ஓரளவு நுழையும். பெரியவை மேலே படலம் கட்டும். அரிசித் தண்ணீரில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புடவைக்குக் கஞ்சி போட்டால் எப்படி நிற்குமோ அப்படித்தான் முடியும் நிற்கும்.

முதல் மாதம் உங்கள் சுருள் அழகாக நின்றதற்குக் காரணம் இந்தப் படலம்தான். மெல்லிய படலம் சுருளுக்குப் பிடிமானம் கொடுத்தது. ஆனால் வாரம் ஒரு முட்டை, தினமும் அரிசித் தண்ணீர், ஒவ்வொரு குளியலிலும் கெரட்டின் மாஸ்க் என்று ஏற்றிக்கொண்டே போய், சல்பேட் இல்லாத மிதமான ஷாம்புவால் அதை முழுதாக எடுக்காமலும் விட்டால் படலம் தடிக்கும். விறைத்த முடி வளையாது, முறியும்.

இதோடு போர் தண்ணீர். வாளியின் விளிம்பிலும் குழாய் வாயிலும் வெள்ளையாகப் படியும் உப்புக் கறையைப் பார்த்திருப்பீர்கள். அதே கால்சியமும் மெக்னீசியமும் முடியிலும் படிகின்றன. ப்ளீச் பட்ட பகுதி அவற்றை இன்னும் அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். உப்புப் படிந்த முடியும் விறைப்பாக, மங்கலாக, கையில் கரகரவென்று இருக்கும். அதாவது 'புரதம் அதிகமாகிவிட்டது' என்பதற்குச் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் இதற்கும் பொருந்தும். சென்னையில் புரதத்தின் மேல் விழும் பழியில் பாதி உப்புத் தண்ணீருக்குச் சேர வேண்டியது என்பது என் உறுதியான கருத்து. மருதாணி போடும் வழக்கம் இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். மருதாணியின் சாயம் கெரட்டினோடு பிணைந்து தங்கும். தொடர்ந்து போட்டால் முடி கெட்டிப்பட்டுச் சுருள் தளரும். ஷாம்பு போட்டு அதை எடுக்க முடியாது.

ஆகவே முதல் வேலை, எல்லாவற்றையும் கழுவி எடுத்துவிட்டு முடி உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது. இதைச் செய்யாமல் போடும் எந்தக் கணக்கும் சரியாக வராது.

விடுமுறை நாளாகப் பாருங்கள். 'கிளாரிஃபையிங்' என்று பெயர் போட்ட ஷாம்பு ஒன்று வாங்குங்கள். பொருட்பட்டியலில் சோடியம் லாரெத் சல்பேட்டும், இ.டி.டி.ஏ. என்று முடியும் ஏதாவது ஒரு பெயரும் இருக்க வேண்டும். முன்னது பழைய கிரீமையும் படலத்தையும் எடுக்கும். பின்னது உப்பைப் பிடித்து இழுக்கும். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கென்றே விற்கும் 'ஹார்டு வாட்டர்' ஷாம்புகளில் இந்த இரண்டாவது பொருள் கூடுதலாக இருக்கும். கிடைத்தால் அதுவே நல்லது. முடியை இரண்டு நிமிடம் நன்றாக நனையுங்கள். 10 மி.லி. ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கலந்து உச்சந்தலையில் தேய்த்து அலசுங்கள். முதல் முறை நுரை சரியாக வராது. இன்னொரு 10 மி.லி. எடுத்து, இந்த முறை நுரையை நீளம் முழுக்க உள்ளங்கையால் அழுத்தி இறக்கி, மூன்று நிமிடம் விட்டு அலசுங்கள். கசக்க வேண்டாம், கொண்டையாகச் சுற்றித் தேய்க்கவும் வேண்டாம். கடைசி அலசலுக்கு இரண்டு லிட்டர் கேன் தண்ணீரோ ஆர்.ஓ. தண்ணீரோ எடுத்து வையுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்பை எடுத்துவிட்டுத் திரும்பவும் உப்புத் தண்ணீரிலேயே முடித்தால் வேலை பாதிதான்.

பிறகு புரதம் எதுவும் இல்லாத சாதாரண கண்டிஷனர். பட்டியலில் புரோட்டீன், கெரட்டின், கொலாஜென், அமினோ ஆசிட் என்ற சொற்கள் இல்லாததாகப் பாருங்கள். காதுக்குக் கீழே மட்டும் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கி ஏறிக்கொண்டே சிக்கு எடுத்து, ஐந்து நிமிடத்தில் அலசுங்கள். லீவ்-இன், ஜெல் எதுவும் வேண்டாம். பழைய பருத்தி பனியன் துணியால் ஒற்றி எடுத்து, காற்றில் உலர விடுங்கள். அன்று முடி பரட்டையாகத்தான் நிற்கும். அழகு பார்க்கும் நாள் இல்லை அது.

மறுநாள் சோதனை. சீப்பில் தானாக வந்த முடிகளில் ஆறேழு எடுங்கள். ஒரு முனையில் வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி, அந்தப் பக்கம் மேல் பாதி. ஒவ்வொன்றையும் தண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு, மேல் பாதியில் 10 செ.மீ., ப்ளீச் பட்ட கீழ்ப் பாதியில் 10 செ.மீ. என்று தனித்தனியாக ஸ்கேல் மேல் வைத்து மெதுவாக இழுங்கள். பன்னிரண்டரை, பதின்மூன்று செ.மீ. வரை நீண்டு, விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பினால் அந்தப் பகுதி நன்றாக இருக்கிறது, புரதம் தேவையில்லை. ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே போய், விட்டால் திரும்பாமல் தொங்கினாலோ சவ்வு போலப் பிய்ந்தாலோ உள்கட்டமைப்பு பலவீனமாக இருக்கிறது. அங்கே புரதம் உதவும். கொஞ்சமும் நீளாமல் பட்டென்று அறுந்தால் இன்னும் விறைப்பு இருக்கிறது என்று பொருள். கழுவியதில் எல்லாம் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கழுவி, அதுவரை புரதத்தைத் தொடாதீர்கள். ஒரே முடியை வைத்து முடிவுக்கு வரக்கூடாது, முடிக்கு முடி மாறும். டம்ளர் தண்ணீரில் முடியைப் போட்டு மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை விட்டுவிடுங்கள். முடியில் எண்ணெய் இருந்தாலே மிதக்கும். அது எதையும் சொல்லாது.

உங்கள் மேல் பாதி திரும்பும், கீழ்ப் பாதி திரும்பாது என்றுதான் எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால் அடுத்த ஆறு வாரம் இப்படிப் போகட்டும்.

வாரம் இரண்டு குளியல். அதற்கு ஒரு மணி நேரம் முன்பு, ப்ளீச் பட்ட பகுதிக்கு மட்டும் ஒன்று அல்லது ஒன்றரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய். நம் வீட்டுப் பழக்கத்தில் எனக்கு மிகவும் மதிப்பு உள்ள விஷயம் இது. தேங்காய் எண்ணெயில் பாதிக்குப் பக்கம் லாரிக் அமிலம். நேரான, சிறிய மூலக்கூறு என்பதால் முடிக்குள் இறங்கும். குளிக்கும்போது முடி ஊதுவதைக் குறைத்து, முடியிலிருந்து புரதம் கரைந்து போவதையும் குறைக்கும். 2003-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தேங்காய் எண்ணெய் இந்த இழப்பைக் குறைத்தது. கூடவே சோதித்த மினரல் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் குறைக்கவில்லை. ஆக, இருக்கும் புரதத்தைக் காப்பாற்றுவது வெளியிலிருந்து பூசுவதைவிட மலிவு. உச்சந்தலையில் பொடுகு இருந்தால் அங்கே எண்ணெய் வேண்டாம். பொடுகுக்குக் காரணமான பூஞ்சை எண்ணெயைத் தின்று வளரும். சிலருக்குத் தேங்காய் எண்ணெய் முடியை விறைக்க வைக்கும்; அப்படி ஆனால் அளவைப் பாதியாக்குங்கள்.

ஷாம்பு, உங்களிடம் இருக்கும் சல்பேட் இல்லாததே இருக்கட்டும். ஆனால் மாதம் இரண்டு முறை அதற்குப் பதிலாக மேலே சொன்ன கிளாரிஃபையிங் ஷாம்பு. போர் தண்ணீர் இருக்கும்வரை இதை விட முடியாது. குழாயில் மாட்டும் சிறு ஃபில்டர்களை நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை குளோரினையும் மண்ணையும் தடுக்கும், கரைந்த உப்பை அல்ல. மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் ஒரு வாளி பிடித்து வைத்துக் கடைசி அலசலுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புரத மாஸ்க் நான்கு குளியலுக்கு ஒரு முறை, அதாவது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை. உங்களிடம் இருக்கும் கெரட்டின் மாஸ்க்கிலேயே 'ஹைட்ரோலைஸ்டு' என்ற சொல் பட்டியலில் வாசனைப் பொருளுக்கு முன்னால் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் புதிதாக வாங்க வேண்டாம். ஷாம்பு போட்டுத் தண்ணீரை ஒற்றி எடுத்த பின் 10 முதல் 15 கிராம், ப்ளீச் பட்ட பகுதிக்கு மட்டும். மேல் பாதியை ஒரு கிளிப்பில் தூக்கிக் கட்டிவிட்டால் கை தவறிப் படாது. பத்து நிமிடம், அலசல், அதன் மேல் புரதமில்லாத கண்டிஷனர் ஐந்து நிமிடம். இந்தக் கடைசிப் படியை விட்டால்தான் 'புரதம் போட்டேன், முடி குச்சியாகிவிட்டது' என்ற புகார் வரும். புரதம் விறைப்பைத் தரும், கண்டிஷனர் அதற்கு வழவழப்பைத் தரும். இரண்டும் ஒரே குளியலில் அடுத்தடுத்து வர வேண்டும். மற்ற மூன்று குளியலிலும் சாதாரண கண்டிஷனர் மட்டும்.

லீவ்-இன், ஜெல் இரண்டின் பட்டியலையும் எடுத்துப் படியுங்கள். அங்கேயும் புரதம் ஒளிந்திருக்கும். மாஸ்க்கில் குறைத்துவிட்டு ஜெல்லில் தினமும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அத்தோடு கிளிசரின். முதல் நான்கைந்து பொருட்களுக்குள் கிளிசரின் இருந்தால் சென்னைக் காற்றில், அதுவும் ஐப்பசி கார்த்திகையில், அது காற்றின் ஈரத்தை முடிக்கு இழுத்து முடியைச் சிலுப்ப வைக்கும். அந்தப் பரட்டையை வறட்சி என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கிரீம் பூசுவோம், இன்னும் சிலுப்பும். இந்த மாதங்களில் லீவ்-இன் கிரீமைப் பட்டாணி அளவுக்குக் குறைத்து, மேலே கெட்டியாகப் பிடிக்கும் ஜெல்லைக் கூட்டுங்கள். காய்ந்ததும் கையால் மெதுவாகக் கசக்கி மொடமொடப்பை உடைத்துவிடலாம். ஜெல்லின் மொடமொடப்பு கசக்கினால் போகும். புரத விறைப்பு கசக்கினாலும் போகாது. இரண்டையும் பிரித்துப் பார்க்க இது எளிய வழி.

சமையலறைப் பொருட்களை முழுக்கத் தள்ளச் சொல்லவில்லை. முட்டையும் அரிசித் தண்ணீரும் இந்த ஆறு வாரத்துக்கு வேண்டாம். ஆளி விதை ஜெல் புரதம் என்று பலர் நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். அது நார்ச்சத்தின் வழவழப்பு, உங்களுக்கு ஒத்து வரும். இரண்டு டேபிள்ஸ்பூன் விதைக்கு அரை லிட்டர் தண்ணீர், அடுப்பில் ஏழெட்டு நிமிடம் கிளறினால் முட்டை வெள்ளை பதத்துக்கு வரும். அந்தப் பதத்திலேயே, சூடாக இருக்கும்போதே மெல்லிய துணியில் வடிக்க வேண்டும். ஆறவிட்டால் துணியை விட்டு இறங்காது. ஃபிரிட்ஜில் ஒரு வாரம் இருக்கும், வாடை மாறினால் கொட்டிவிடுங்கள். செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கி எடுக்கும் சாறும் சிக்கு எடுக்க அருமையானது. வடிகட்டாமல் போட்டால் இலைத் துணுக்கு சுருளுக்குள் மாட்டிக்கொள்ளும். வெந்தயத்தை அரைத்துப் பூசுவதைவிட, இரவு ஊறவைத்த வழவழப்பான தண்ணீரை மட்டும் எடுங்கள்.

கையில் வரும் முடியில் குட்டைத் துண்டுகள்தான் அதிகம் என்றால் அது உடைவது. மேலே சொன்னவை அதற்குத்தான். வெள்ளை முடிச்சோடு முழு நீள முடி திடீரென்று கொத்துக் கொத்தாக வந்தால் அது உதிர்வு. அதற்கு எந்த மாஸ்க்கும் பதில் சொல்லாது. தோல் மருத்துவரைப் பாருங்கள். இரும்புச் சத்தும் தைராய்டும் பரிசோதிக்கச் சொல்வார்.

இனி பார்லர் விஷயம். 'கெரட்டின் ட்ரீட்மென்ட்' என்ற பெயரைப் பார்த்து அது புரதம் ஏற்றும் சிகிச்சை என்று நினைத்துவிட்டீர்கள். அது முடியை நேராக்கும் சிகிச்சை. ஃபார்மால்டிஹைடோ அதை வெளியிடும் பொருளோ, அல்லது கிளைஆக்ஸிலிக் அமிலமோ பூசி, 200 டிகிரிக்குப் பக்கம் சூடான இரும்பால் இழுத்து வடிவத்தைப் பூட்டுகிறார்கள். ப்ளீச் பட்ட முடி அந்தச் சூட்டைத் தாங்காது. உங்கள் சுருள் தளரும், சில சமயம் திரும்பி வரவே வராது. ஃபார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தப்பட்டது. கிளைஆக்ஸிலிக் அமிலம் பூசியபின் திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு வந்தவர்களை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. சுருட்டை முடியோடு வாழ விரும்பும் ஒருவருக்கு இதை எந்த மனசாட்சியுள்ள நிபுணரும் பரிந்துரைக்கக் கூடாது.

பார்லருக்குப் போக வேண்டியது முடி வெட்டத்தான். பிளந்த நுனியை எந்தப் புரதமும் ஒட்டாது. ஒட்டியது போல ஒரு குளியல் வரை தெரியும். இப்போது இரண்டு மூன்று செ.மீ., பிறகு எட்டு பத்து வாரத்துக்கு ஒரு முறை அதே அளவு. உலர்ந்த நிலையில், சுருளைப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். நனைத்து இழுத்து வெட்டினால் காய்ந்ததும் எதிர்பார்த்ததைவிட மேலே ஏறி நிற்கும்.

ஆறு வாரத்தில் ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது செய்த வேலை என்று தெரியாது. ஆறாவது வாரம் கிளாரிஃபையிங் ஷாம்பு போட்ட மறுநாள் அதே இழுப்புச் சோதனையைக் கீழ்ப் பாதியில் செய்து பாருங்கள். நீண்டது திரும்ப ஆரம்பித்திருந்தால் மாஸ்க்கை மாதம் ஒரு முறையாகக் குறைத்துவிடலாம். அப்போதும் சவ்வாகப் பிய்ந்தால் மாஸ்க்கைக் கூட்டாதீர்கள்; அடுத்த முறை வெட்டும்போது ஐந்து செ.மீ.யாக எடுத்துவிடுங்கள்.